அண்ணனுக்காகப் பார்த்த துப்பாக்கி

கைத்துப்பாக்கி ஒன்று வாங்கப்போகிறேன் என்று நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது என் மனைவியிடம். அவள் அடுக்களையில் நின்று, முட்டத்து மீன்காரியிடம் வாங்கிய சாளையைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"செரி. அதுக்கு முன்னால இந்த டியூப்லைட்ட மாத்துங்க. ரெண்டு மாசமா கண்ணச் சிமிட்டுது."

உயிரைக் காத்துக்கொள்ள ஆயுதம் ஏந்தப்போகிற ஆண்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் கிடைத்த வழியனுப்பு இது. நானும் விடவில்லை. "வெளையாட்டு இல்ல. லைசன்ஸ் எடுத்து, எப்பவும் இடுப்புலயே வச்சிருக்கப்போறேன்" என்றேன். அவள் கத்தியை அலம்பிக்கொண்டே என் இடுப்பைப் பார்த்தாள். "அங்க வேட்டியே நிக்க மாட்டேங்கு" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது, கொடிக்கம்பு மாதிரி உடம்பு. கீரிப்பாறை போகிற பாதையில், ரப்பர் தோட்டங்கள் தொடங்குவதற்குக் கொஞ்சம் கீழே ஒரு முக்கில், ஆணியும் கம்பியும் பைப்பும் பெயின்டும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் பத்தாவதோடு என்னைக் கைகழுவிவிட்டது. மீதியெல்லாம் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுப் படித்ததுதான். ஆணி வாங்க வருகிறவன் ஒரு சொல்லையும் விட்டுவிட்டுத்தான் போவான். நல்ல சொல்லாக இருந்தால் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். துப்பாக்கி விஷயமாக அப்படிச் சேர்ந்த சொற்கள் மட்டுமே இரண்டு புத்தகத்துக்கு வரும். பெரும்பாலும் என்னைத் திட்டியவை.

நான் பயந்தது கள்ளனுக்கும் இல்லை, காட்டுப்பன்றிக்கும் இல்லை. கூடப்பிறந்த அண்ணனுக்கு.

என்னைவிட நான்கு வயது மூத்தவன். அப்பா இருக்கும்போதே நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில். என் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே அவன் அடுக்களை ஜன்னல். நடுவில் ஒரு பாதை. அந்தப் பாதை வழியாகத்தான் அவன் பின்னாலுள்ள தன் ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு நான் மதில் கட்டினேன். கட்டி முடித்துப் பார்த்தால் மதில் பாதைக்குள் ஒரு அடி நகர்ந்திருந்தது. மதில் தானாக நகராது என்பது எனக்கும் தெரியும். கொத்தனார் கயிறு பிடித்தபோது "கொஞ்சம் அங்க தள்ளிப் பிடியும்" என்று சொன்னது நான்தான். அண்ணன் கேஸ் போட்டான். கோர்ட்டில் இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே ஒத்துக்கொள்கிறேன், இங்கே குறுக்கு விசாரணை கிடையாது.

ஒரு நாள் காலை, கீரிப்பாறை பஸ் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து அண்ணன் என் கடைவாசலுக்கு வந்தான்.

"ஏலே, அந்த ஒரு அடிய நீ விட்டுத் தரல்லன்னா, ஒன்ன வெட்டி அந்த மதிலுக்கு அடியிலயே போட்டு மூடிருவேன். குழி பெருசாத் தோண்டாண்டாம். ஒனக்கு ஒரு அடி அகலம் தாராளம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் மீதியையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று எஞ்சினை அணைத்தார். நான் கையில் இருந்த ஆணிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தேன். அது குத்தி ரத்தம் வந்தது. ஆக, அந்தச் சண்டையில் ரத்தம் சிந்தியவன் நான்தான், சிந்த வைத்தவனும் நான்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. பயம் தொடங்கியது. சாயங்காலம் ஆனால் அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து வெட்டுகத்தி தீட்டுவான். கல்லில் கத்தி உரசுகிற சத்தம் பாதையைத் தாண்டி வந்து என் கட்டன்காப்பிக்குள் விழும். முப்பது வருடமாக அவன் தினமும் தீட்டுகிறவன்தான் என்பதை என் மனைவி ஞாபகப்படுத்தினாள். "அப்பம்லாம் எனக்குக் காது கேக்கல்ல" என்றேன். உண்மை அதுதான். அவன் சொன்ன பிறகுதான் அந்தக் கல்லுக்குச் சத்தம் வந்தது.

இந்த நேரத்தில்தான் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, எனக்குப் பாதுகாப்பு ஆலோசகனாகப் பதவி ஏற்றான். பதினெட்டு வருடம் கத்தாரில் செக்யூரிட்டியாக இருந்தவன். எதைக் காத்தாய் என்று கேட்டால் "டவர்" என்பான். அங்கே அவன் கையில் இருந்த ஆயுதம் ஒரு டார்ச். ஆனால் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, உலகத்தில் உள்ள எல்லாக் கைத்துப்பாக்கியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அறிமுகம்.

"அத்தான், இது பாத்துக்கிடுங்க, பல்லுசெட்டு மாதிரி. எப்பவும் கூட இருக்கணும். இருக்கது ஒருத்தனுக்கும் தெரியப்படாது."

இதை எழுதி வைத்துக்கொண்டேன்.

நம்பர் விஷயத்தையும் அவன்தான் விளக்கினான். துப்பாக்கிக் குழலின் துளை அகலத்தை அங்குலத்தில் அளந்துதான் நம்பராம். நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்குப் பாயிண்ட் இருபத்திரண்டு உண்டு, பாயிண்ட் முப்பத்திரண்டு உண்டு. அதற்கு மேலே உள்ள பெரிய சாமானெல்லாம் பட்டாளத்துக்கும் போலீசுக்கும். எனக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. சின்னது ஐந்தரை எம்எம், பெரியது எட்டு எம்எம், அவ்வளவுதானே. என் கடையில் டிரில் பிட் விற்கிற கணக்கு. சுவரில் எட்டு எம்எம் துளை போட்டால் சுவர்மின்விசிறி மாட்டலாம். ஐந்தரைக்குக் காலண்டர். அண்ணனுக்குக் காலண்டர் போதும் என்று மனசுக்குள் முடிவு செய்தேன். அந்த முடிவில் கொஞ்சம் பாசம் இருந்ததாகவும் அப்போது எனக்குத் தோன்றியது.

டீக்கடையில் விஷயம் கசிந்ததும் ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். மீன்வலை வாங்கத் தெரியாதவன், மாடு பிடிக்கத் தெரியாதவன், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தெரியாதவன் எல்லோருக்கும் துப்பாக்கி பார்க்கத் தெரிந்திருந்தது. ஒருவர் மட்டும் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து வந்தவர். "நீங்க சொல்லுங்க மாமா" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல மக்கா. நான் சொமந்தது பெருசு. பதினேழு வருசத்துல அது எனக்குத் தந்தது முதுகுவலி. நீ சின்னதா வாங்கு. இடுப்போட போவும்."

மச்சினன் அடுத்த பாடத்துக்கு வந்தான்: எங்கே வைப்பது? அவன் பார்க்கிற வீடியோக்களில் எல்லோரும் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு உறை, மேலே சட்டை, வேலை முடிந்தது. நான் கல்யாணத்துக்கே பேன்ட் போடாதவன். வீட்டில் சாரம், அதாவது லுங்கி; வெளியே வேட்டி. எங்கள் ஊரில் வேட்டி கட்டுகிறவன் வேட்டியைச் சும்மா கட்டிக்கொண்டு நிற்பதில்லை. நடக்கும்போது முட்டுக்கு மேலே மடித்துக் கட்டுவான். பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்துத் தாழ்த்தி விடுவான். அவர் தாண்டியதும் திரும்ப மடிப்பான். ஒரு நாளைக்கு இருபது தடவை அவிழ்த்துக் கட்டுகிற துணிக்குள் ஆயுதம் மறைப்பது எப்படி என்பதற்கு உலகத்தில் எவனும் வீடியோ போடவில்லை.

"கோட்டாறுல பெல்ட் கிட்டும் அத்தான். அகலமா, பச்சக் கலருல. பையி வச்சது."

கோட்டாறு கடைத்தெருவுக்குப் போனேன். பெல்ட் விற்கிற பாய் என் வயதுக்காரர், என்னைப் போலவே பேச்சுப்பிரியர். இதில் செல்போன் வைக்கலாம், வெற்றிலைப் பொதி வைக்கலாம், மருந்துச் சீட்டு வைக்கலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நான் பையின் ஆழத்தை விரலால் அளப்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன வைக்கப்போறிய?"

சொன்னேன். பெல்ட்டை என் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பையி நேரா அடிவயித்துக்குத் தாழ வருது. தப்பித்தவறி வெடிச்சா ஒங்களுக்கு எதிரின்னு ஒருத்தன் தனியா வேண்டாம்" என்றார். பிறகு பத்து ரூபாய் குறைத்தும் தந்தார். அந்தப் பத்து ரூபாய் அனுதாபம்.

கனம் பார்க்க வேண்டும் அல்லவா? பெரியது முக்கால் கிலோ பக்கம் வரும், சின்னது அரைக் கிலோ பக்கம் என்று மச்சினன் சொல்லியிருந்தான். கடையில் எடைபோடுகிற படிக்கல்லுக்கா பஞ்சம். முதல் நாள் அரைக் கிலோவும் கால் கிலோவும் சேர்த்துப் பெல்ட்டுக்குள் போட்டுக்கொண்டு ஆணி நிறுத்தேன். மத்தியானத்துக்குள் வேட்டி ஒரு பக்கம் சரிந்து, மேஸ்திரிகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். மறுநாள் அரைக் கிலோ மட்டும். இது தேவலை. இடது கையால் லேசாக ஏந்திக்கொண்டால் தெரியவே தெரியாது. வயிற்றுவலிக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் பெல்ட் அறுக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டுக் கல்லை வேட்டி மடிப்பிலேயே சொருகிக்கொண்டு கடைவாசலில் நின்றேன். எதிரே எங்கள் சபைப் பாஸ்டர் வந்தார். ஐம்பது வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்தது. அரைக் கிலோ இரும்பு என் வலதுகால் பெருவிரலில் இறங்கியது. வாயிலிருந்து வந்த சொல்லை ஒரு பாஸ்டர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் குனிந்து கல்லை எடுத்தார். "வேட்டியில எதுக்குப் படிக்கல்லு?"

"காத்துக்கு, பாஸ்டர். வேட்டி பறக்கு."

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பஸ்ஸையே தள்ளுகிற மாதம் அது. அவர் நம்பிவிட்டார். "ஆமா, எனக்கும் அந்தக் கஷ்டம் உண்டு" என்று சொல்லி, கல்லைக் கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டுத் தந்தார்.

நகம் கறுத்து விழுந்தது. நான் கற்ற பாடம் ஒன்று: துப்பாக்கியை இடுப்பில் வைத்தால் யாருக்கும் வேட்டியைத் தாழ்த்தக் கூடாது. இரண்டு வாரம் அப்படியே நடந்தேன். விறைப்பாக, யார் வந்தாலும் மடித்துக் கட்டியபடி. ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு எழுந்தது. திமிர் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருடம் எடை குறையாமல் ஆணி விற்றதற்குக் கிடைக்காத மரியாதை, துப்பாக்கி வாங்கப்போகிறானாம் என்ற வெறும் பேச்சுக்குக் கிடைத்தது. ஆணி வளைந்திருக்கிறது என்று தினமும் சண்டை பிடிக்கிற தச்சர், வளைந்த ஆணியை வாங்கி "நல்ல ஆணி" என்று சொல்லிவிட்டுப் போனார். சபையில் எனக்கு ஃபேனுக்குக் கீழே இடம் விட்டார்கள். சாமான் கைக்கு வரும் முன்பே ஊர் இப்படிக் குனிந்தது. குனிந்தவர்கள் மேல் வந்த வெறுப்பைவிட, அதை ரசித்த என் மேல்தான் எனக்கு இப்போது வெறுப்பு.

சின்னதுதான் என்று முடிவாகிவிட்டது. ஒரு நாள் மச்சினனையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். நகைக்கடை மாதிரி வெல்வெட்டும் விளக்கும் எதிர்பார்த்தேன். பழைய மருந்துக்கடை மாதிரி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வயசான ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லைசன்ஸ் இல்லாமல் கையில் தர மாட்டேன், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் தமிழுக்கும் அவர் மலையாளத்துக்கும் நடுவில் ஒரு பாஷையில் பேச்சு ஓடியது.

"ஆரைப் பேடிச்சிட்டு வாங்குந்நது?"

"ஒரு ஆளுக்குப் பயந்துதான்."

"ஆளு எத்தற தூரத்துல?"

எங்களுக்கு நடுவில் இருப்பது அந்தப் பாதைதான். "பன்னிரண்டு அடி" என்றேன். பிறகு நியாயமாக இருக்கட்டும் என்று, "மதில் கட்டினதுக்கு அப்புறம் பதினொண்ணு" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "அது ஆளு இல்லல்லோ. அது வீட்டுக்காரன்" என்றார். சொந்தக்காரன் என்பதற்கு அவர் பாஷை அது.

மச்சினன் நடுவில் புகுந்து சின்னதைக் காட்டச் சொன்னான். காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், பார்த்தால் சைக்கிள் லைட் மாதிரி. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளவும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. கடைசியாக, பல நாளாக என் தொண்டையில் நின்றிருந்த கேள்வியைக் கேட்டேன்.

"இதுல சுட்டா ஆளு சாவ மாட்டான், இல்லியா? சின்னதுல்லா? சும்மா காலுல கீலுல..."

அவர் துப்பாக்கியைத் துணியில் பொதிந்து பெட்டியில் வைத்து, பெட்டியைப் பூட்டினார்.

"சாவும். சின்னதாணுன்னு குண்டுக்கு அறியாது."

திரும்பி வருகிற பஸ்ஸில் மச்சினன் நெய்யாற்றின்கரை வரை உறையின் விலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். எனக்குக் காதில் ஏறவில்லை. காலண்டர் என்று நினைத்ததும், அதில் பாசம் இருப்பதாக நினைத்ததும் ஞாபகம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். கல்லில் கத்தி உரசுகிற சத்தம். மறுநாளே விண்ணப்பம் போட்டேன்.

விண்ணப்பத்தில் ஒரு இடத்தில், ஆயுதம் எதற்கு, யாரால் ஆபத்து என்று எழுத வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்கிற பெண் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "சொல்லுங்க மாமா, யாரால?" அண்ணனால் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அண்ணனுக்கும் தெரிந்த பெண். "அடையாளம் தெரியாத நபர்களால்" என்றேன். பிறந்த நாளிலிருந்து பார்த்த முகம். குறட்டைச் சத்தம்கூட அடையாளம் தெரியும். அவனைத்தான் அப்படி எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு ஏட்டையா வந்தார். காலை பத்து மணி, பைக்கில். என்னிடம் நான்கு கேள்வி கேட்டுவிட்டு, "அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கம் ரப்பர் விளை. பக்கம் அண்ணன்.

நானும் மனைவியும் அடுக்களை ஜன்னலுக்குக் கீழே குனிந்து நின்றோம். ஏட்டையா பாதையைத் தாண்டி அண்ணன் முற்றத்தில் பைல் விரித்தார்.

"ஒம்ம தம்பி துப்பாக்கி லைசன்ஸ் கேட்டிருக்காரு. அவருக்கு யாராலயாவது உயிருக்கு ஆபத்து உண்டுமா?"

அண்ணன் குரல் கேட்டது.

"இவனுக்கா? சார், இவன யாரு சார் கொல்லப்போறா? இவன் கடைவாசல்ல மேய வாற கோழிகூட இவனக் கண்டு பயப்படாது. ஊருல இவனுக்கு விரோதின்னு ஒருத்தன் கெடையாது. விரோதி வேணும்னா அதுக்கு ஒரு தகுதி வேணும்லா? எழுதிக்கிடுங்க. நல்ல பய. குடிக்க மாட்டான், களவு இல்ல, சபைக்குத் தப்பாமப் போவான். பொய்யி மட்டும் கொஞ்சம் சொல்லுவான், அதுவும் அளக்கிற எடத்துல. இவனுக்கு ஒரு ஆபத்துன்னா நான் ஒருத்தன் பக்கத்துல கெடக்கேன்லா. துப்பாக்கி எதுக்கு?"

ஏட்டையா எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப உருகாண்டாம். ஒங்க அண்ணன் பாசத்துலயா சொன்னாரு? ஆபத்து இல்லன்னு எழுதிட்டா ஒங்களுக்குத் துப்பாக்கி கிட்டாது. அது தெரிஞ்சு சொன்ன ஆளு அவரு." இரண்டில் எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே வாயில் இருக்க முடியும் என்பது அவனுடைய தம்பியாகப் பிறந்தவனுக்குத்தான் தெரியும்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரியவரவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வாசித்து நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அவமானம். கொல்லப்படுவதற்குக்கூட லாயக்கில்லை என்று முத்திரை வைத்துத் தந்தது போல இருந்தது. மச்சினன் இன்னும் எண்ணெய் ஊற்றினான். "விடப்படாது அத்தான். அப்பீல் உண்டு."

ஏட்டையாவைத் தேடிப் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், நேராகவே சொன்னார். "அடையாளம் தெரியாத ஆளுன்னு எழுதினா எப்படி ஓய்? பேரு வேணும். இன்னாரு, இன்ன நாளு, இன்ன மாதிரி கொல்லுவேன்னு மெரட்டினாருன்னு ஒரு புகார் குடும். கேஸ் ஆவட்டும். அவர ஸ்டேஷனுக்கு வரச்சொல்லுவோம். அப்புறம் ஒம்ம அப்பீலுக்கு ஒரு பெலம் இருக்கும்." பேசிக்கொண்டே ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துத் தந்தார்.

தாளைக் கடையில் விரித்து வைத்து எழுதினேன். தேதி, இடம், மதில், பாதை எல்லாம் வந்தது. "என்னை வெட்டிப் புதைத்துவிடுவதாக மிரட்டியவர் எனது உடன்பிறந்த" வரை வந்து பேனா நின்றது. எழுதினால் அறுபது வயதில் அவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவான். எழுதாவிட்டால், அவன் சொன்னதை நிஜமாகச் செய்தால், மதிலுக்கடியில் நான். அவன் செய்வானா மாட்டானா என்பது தெரியாமல் இந்த வரியை முடிக்க முடியாது. இரண்டு வருடமாக எதை எதையோ டீக்கடையில் கேட்டேன், மச்சினனிடம் கேட்டேன், துப்பாக்கிக் கடைக்காரரிடமும் கேட்டேன். இது தெரிந்த ஒரே ஆளிடம் மட்டும் இதைக் கேட்கவில்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாதையைத் தாண்டி அவன் முற்றத்துக்குப் போனேன். அண்ணன் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். உறைந்த ரப்பர் பால் கட்டியை உருளைக்குள் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மறுபக்கம் தோசை மாதிரி ஷீட் வரும். வருகிற முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மைனி, அவன் மனைவி, சந்தைக்குப் போயிருந்தாள் போல.

என்னைப் பார்த்தான். இரண்டு வருடம் கழித்து அவன் என்னிடம் சொன்ன முதல் சொல்: "பிடி."

பிடித்தேன். அவன் சுற்றினான். மூன்று ஷீட் அடித்து முடிந்தது. நான்காவதில் கேட்டேன்.

"அண்ணே, நீ அன்னைக்கு பஸ்சுக்கு முன்னால சொன்னியே. வெட்டி மூடிருவேன்னு. அது நெசமாச் சொன்னியா?"

"நெசமாத்தான் சொன்னேன். அதுக்கு என்ன இப்பம்?"

"அத ஒரு தாளுல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவியா?"

கைப்பிடி நின்றது. பைத்தியக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். நான் தாளை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. தூரத்தில் நீட்டிப் பிடித்து, "உடன்பிறந்த" என்ற இடம் வரை உதடு அசைய வாசித்தான். திருப்பித் தந்தான். தாளில் ரப்பர் பால் விரல்தடம்.

"மாட்டேன். வாயால சொன்னா சொன்னதுதான், போச்சு. கையெழுத்துப் போட்டா செய்யணும்லாலே."

அவ்வளவுதான். இரண்டு வருடமாக நான் சுமந்த பயம் அந்த இடத்திலேயே கரைந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் கேஸ் நடக்கிறது, எதிராளியின் முற்றத்தில் நின்று சிரிக்கக் கூடாது. தாளை நான்காகக் கிழித்து அடுப்புக்கரி கிடந்த இடத்தில் போட்டேன். அவன் பார்க்காதது போல அடுத்த கட்டியை உருளைக்குள் கொடுத்தான்.

"மதில நாளைக்கே இடி."

"கோர்ட்டு சொல்லட்டும்."

"சொல்லும்லே, சொல்லும்." ஒரு சுற்று சுற்றினான். பிறகு, சாதாரணமாக, மீன் என்ன வாங்கினாய் என்று கேட்கிற குரலில் கேட்டான். "அது செரி. எது வாங்கதுக்குப் பாத்த?"

"என்னது?"

"துப்பாக்கி. எனக்குன்னுதான பாத்த?"

மறைக்க ஒன்றும் இல்லை. "சின்னதுதான் அண்ணே. இருபத்திரண்டு. உள்ளங்கைக்குள்ள அடங்கும்." ஆறுதலாக இருக்கட்டும் என்று கூடவே ஒன்று சொன்னேன்: "பொம்பளையளு ஹேண்ட்பேக்குல வைக்கிற மாதிரி."

அவன் உருளையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். வெட்டிப் புதைப்பேன் என்று சொன்ன நாளில்கூட முகம் இப்படிச் சிவக்கவில்லை.

"பொம்பளையளு வைக்கதா?"

"இல்ல அண்ணே, காலுல மட்டும் படட்டும்னு..."

"பெருசு கிட்டாதாலே ஊருல?"

"கிட்டும். கனம் கூடுதல். வேட்டி நிக்காது."

"வேட்டி நிக்காதாம்!" அண்ணன் ரப்பர் மரங்களைப் பார்த்து, அவை சாட்சி சொல்ல வேண்டும் என்பது போலக் கத்தினான். "அறுவது வருசம் இந்த மண்ணுல ஆம்பளையா நடந்தவன். கூடப்பொறந்தவன் எனக்கு அளவு பாத்துட்டு வந்திருக்கான், ஹேண்ட்பேக்குல! போலே! ஷீட்ட அங்க வச்சிட்டுப் போ. நீ பிடிக்காண்டாம்!"

நான் ஷீட்டை மெல்லக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்தேன். மதில் விஷயமாக எங்களுக்குள் இருந்த பகை அன்றைக்கு ஏறக்குறையத் தீர்ந்துபோனது. வழக்கு மட்டும் வக்கீல்களுக்காக நடக்கிறது. இந்த இருபத்திரண்டு விஷயத்தைத்தான் அவன் இன்னும் மன்னிக்கவில்லை.